முன் இடது சக்கரம்

சாப்பிடப் போகுமுன் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அதன் பையிலிருந்து ஒரு பின் நழுவி சிமென்ட் தரையில் விழுந்தது. ஆத்மநாதன் குனிந்து எடுத்தார். சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும் காட்டர் பின். இரண்டு கால்களும் ஒன்றோடொன்று ஒட்டி, வளையாமல், புதிதாக இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கீரமங்கலம் கடைத்தெரு முடியும் இடத்தில் இருந்தது அவருடைய பட்டறை. அன்று காலை அங்கே வந்தது ஒரே ஒரு வண்டி. அடைக்கலத்தின் பழைய வெள்ளை அம்பாசடர். தென்னந்தோப்பு வைத்திருக்கும் அடைக்கலம் எட்டு மணிக்கே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, முன்சக்கரம் ரெண்டும் ஆடுது, கோட்டைப்பட்டினம் வரைக்கும் போகணும், பார்த்துக் கொடு என்றார். ஆத்மநாதன் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, பழைய பின்னைப் பிடுங்கி, ஹப் நட்டைக் கழற்றினார். பேரிங்கைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்தார். நட்டை மறுபடி ஏற்றி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையால் இறுக்கினார். சக்கரம் கனக்கத் தொடங்கியதும் கொஞ்சம் தளர்த்தினார்.

அந்தக் கொஞ்சத்தில்தான் வேலை இருக்கிறது. இறுக்கம் கூடினால் பேரிங் கருகிவிடும். தளர்ச்சி கூடினால் சக்கரம் ஆடும். நட்டின் தலையில் கோட்டை மதிலைப் போல வெட்டுகள் இருக்கும். அச்சின் நுனியில் ஒரு துளை இருக்கும். வெட்டும் துளையும் நேராக வரும் இடம் பார்த்து, பின்னைச் செருகிக் கால்களை மடக்கிவிட்டால் நட்டு அந்த இடத்தை விட்டு அசையாது. பின் இல்லாத நட்டு பள்ளத்துக்குப் பள்ளம் மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்கும். அது விழுந்த பிறகு சக்கரத்தைப் பிடித்து வைக்க அங்கே வேறெதுவும் கிடையாது.

வலது பக்கம் பின் போட்டது நினைவிருந்தது. கால் மடக்கும்போது குறடு வழுக்கி விரலில் பட்டதில் தோல் உரிந்திருந்தது. அந்த இடம் இன்னும் எரிந்தது. இடது பக்கம்?

இடது பக்கத்து நட்டைச் சரிசெய்து முடித்த நேரத்தில் பறைச் சத்தம் கேட்டது. வடக்குத் தெருவில் முந்தின நாள் இறந்துபோன ஒருவரின் ஊர்வலம். கடைத்தெருவில் பிணம் வந்தால் எல்லோரும் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். ஆத்மநாதன் அதோடு நிற்கமாட்டார். பிணம் தாண்டும்வரை கையில் இரும்பு இருக்கக் கூடாது என்பது அவர் வழக்கம். அது எங்கிருந்து தொற்றிக்கொண்டது என்று அவருக்கே தெரியாது. ஸ்பேனரைக் கீழே வைத்தார், ஷட்டரை இறக்கினார், வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேர் அசைந்து அசைந்து போனது. சாமந்தி உதிர்ந்தது. கடைசி ஆளும் தாண்டியதும் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கெளம்பும்போது பொணம் எதுக்க வந்தா போற காரியம் ஜெயம்யா," என்று அடைக்கலம் சொன்னது நினைவிருந்தது. "சீக்கிரம் மாட்டு, வெயிலுக்கு முன்ன போயிருவோம்."

கிரீஸ் மூடியைச் சுத்தியலால் தட்டி உட்காரவைத்த சத்தமும் நினைவிருந்தது. தண்ணீர் ஊற்றியதற்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவில் எதுவும் இல்லை. எவ்வளவு துழாவியும் அங்கே வெறும் இடமாக இருந்தது.

டப்பாவிலிருந்து பின் எடுக்கும்போது ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்வதும் அவர் வழக்கம்தான். இது அந்தக் கூடுதல் பின்னாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கழுவிய கை இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன. அவற்றைப் பார்த்துக் கேட்டால் பதில் வரும் என்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துத் தையல் கடைக்குப் போனார். சந்தனமேரி மெஷினில் குனிந்திருந்தாள்.

"மேரி, காலையில பொணம் போனதுக்கப்பறம் நான் என்ன செஞ்சேன்னு பாத்தியா?"

"தண்ணி ஊத்துனீங்க. பாதி என் வாசல்ல. தைக்க வச்சிருந்த பாவாடை நனஞ்சு போச்சு."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் நான் என்னத்தக் கண்டேன்? நீங்க என்ன சினிமாவா காட்டுறீங்க, வேலைய விட்டுப்புட்டுப் பாக்க?"

அவர் கையை விரித்துக் காட்டினார். அவள் பின்னைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். மெஷின் நின்றது.

"அது இல்லாம வண்டி போவாதாண்ணே?"

"போவும். அதான் கஷ்டம்."

அடைக்கலத்தின் எண்ணுக்கு அவர் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை சந்தனமேரி தன் போனை எடுத்து, அடைக்கலத்தின் மருமகள் வைஷ்ணவிக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, ரவிக்கை ரெடியா?"

"ரெடியாவல. ஆத்மநாதண்ணன் ஒங்க மாமாகிட்டப் பேசணுமாம்."

"மாமா போன சார்ஜர்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. மணி அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, பாப்பாவத் தூங்கப் போட்டுக்கிட்டு இருந்தேன். அத்தைகிட்ட போனே இல்லயே. அறந்தாங்கில ரெண்டு வீட்டுக்குக் காதுகுத்துப் பத்திரிகை வச்சுட்டு, அங்கிட்டுலேர்ந்து கோட்டைப்பட்டினத்துல செபமாலை மாமா வீட்டுக்குப் போறாங்க. எங்க மூத்தவ இலக்கியாவும் போயிருக்கா. முன்சீட்டுலதான் வருவேன்னு ஒரே அழுகை. அத்தை மடியில ஏறி ஒக்காந்துக்கிட்டா."

அம்பாசடரில் அடைக்கலத்தின் மனைவி காத்தாயி மதினி உட்காரும் இடம் எது என்று ஆத்மநாதனுக்குத் தெரியும். ஓட்டுபவருக்கு இடது கைப் பக்கம். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே.

"வைஷ்ணவி," என்றார். "செபமாலை வீட்டுக்குப் போன் போட்டு, நான் வர்றவரைக்கும் வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லச் சொல்லும்மா."

"ஏன் மாமா, என்னாச்சு?"

அவர் எதிர்ச் சுவரில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல. ஒரு வேலை பாக்கி இருக்கு."

போனை வைத்ததும் சந்தனமேரி கேட்டாள், "ஒண்ணுமில்லன்னா எதுக்குண்ணே சோறு திங்காம கெளம்புறீங்க?"

அவர் பட்டறைக்குத் திரும்பினார். ஹப் ஸ்பேனர், சுத்தியல், குறடு, பின் டப்பா எல்லாவற்றையும் ஒரு உரச்சாக்கில் போட்டு மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டினார்.

மொபெட்டை எவ்வளவு முறுக்கினாலும் அதன் வேகம் அவ்வளவுதான். அறந்தாங்கி வரைக்கும் சாலையின் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு போனார். தென்னைக்கு நடுவே வெள்ளையாக எது தெரிந்தாலும் கண் அங்கே போனது. ஒரு இடத்தில் வெள்ளை அடித்த மோட்டார் கொட்டகை. இன்னொரு இடத்தில் காயப்போட்ட வேட்டி.

சாய்ந்து நிற்கும் கார் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பல தடவை அப்படி நின்ற வண்டிகளைப் போய் எடுத்து வந்திருக்கிறார். அச்சு தாரைக் கீறிய கோடு ஒன்று சாலையில் நீளமாகக் கிடக்கும். அந்தக் கோட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தார். இன்னாரின் கை செய்த வேலை என்று அந்தக் கோட்டில் எழுதியிருக்காது. ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஊருக்குத் தெரியாமல் போனாலும் தனக்குத் தெரியும். இதில் எது தன்னை அதிகம் பயமுறுத்துகிறது என்று யோசித்தார். பிள்ளை காத்தாயியின் மடியில் இருக்கிறாள். இந்த நேரத்தில் ஊர் என்ன சொல்லும் என்று கணக்குப் பார்க்கிற மனதின் மேல் அவருக்கு அருவருப்பு வந்தது.

நாகுடிக்கு முன்னால் ஒரு பாலத்தில் கூட்டம் நின்றது. இருபது முப்பது பேர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாலையோரம் பைக்குகள் தாறுமாறாக நின்றன. ஆத்மநாதன் மொபெட்டை நிறுத்தினார்.  காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே இருந்தார். பிறகு இறங்கி, இரண்டு பேருக்கு நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தார்.

கண்மாய் வற்றிக் கிடந்தது. முழங்கால் சேற்றில் ஆட்கள் கச்சா என்னும் அடியில்லாத கூடையை வைத்து மீன் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, வெறால் வேணுமா?" என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான். "மூஞ்சப் பாத்தா வீட்டுல வெரட்டி விட்ட மாதிரி இருக்கு."

"இல்லப்பா," என்றார். "இந்தப் பக்கமா வெள்ளை அம்பாசடர் ஒண்ணு போச்சா?"

"ஒரு மணி நேரம் இருக்கும். ஆடி ஆடிப் போச்சு. பழைய வண்டியில்ல."

கோட்டைப்பட்டினத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. செபமாலை விசைப்படகு வைத்திருப்பவர், அடைக்கலத்தோடு ஒன்றாகப் படித்தவர். கடற்கரைக்குப் போகும் மணல் சந்தில் அவர் வீட்டைக் காட்டினார்கள். வீட்டுக்கு முன் ஒரு பூவரச மரம். அதன் நிழலில் அம்பாசடர் நின்றது. நான்கு சக்கரத்தின் மேலும் நின்றது.

ஆத்மநாதன் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெயிலில் கருவாட்டு வாடை வந்தது.  அருகே போய் முன் இடது சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து அசைத்தார். டக் என்றது. கதவு சாத்துவதைப் போன்ற சத்தம்.

"வாய்யா," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அடைக்கலம் வெற்றிலையை மென்றபடி நின்றார், பின்னால் செபமாலை. "வைஷ்ணவி போன் பண்ணுச்சாம். அம்புட்டுத் தூரம் வண்டிய வெரட்டிக்கிட்டு வந்து கும்புடுற மெக்கானிக்க இப்பத்தான்யா பாக்குறேன்."

"ரசிகர் மன்றமா இருக்கும்டா," என்றார் செபமாலை. "சாப்டீங்களா தம்பி? மீன் கொழம்பு இருக்கு."

"வேலைய முடிச்சுக்கிறேங்க."

டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தார். மணலில் ஜாக்கி இறங்காமலிருக்க செபமாலை ஒரு பலகைத் துண்டு கொண்டுவந்து போட்டார். சக்கரம் தரையை விட்டு எழுந்தது. வட்டத் தகட்டை நெம்பி எடுத்துவிட்டு கிரீஸ் மூடியைத் தட்டினார்.

நட்டு அச்சின் நுனிக்கே வந்துவிட்டிருந்தது. இன்னும் மூன்று நான்கு புரிகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன. துளைக்குள் கிரீஸ் மட்டும் இருந்தது.

பின்னால் இருவரும் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆத்மநாதன் அவர்கள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நட்டை விரலால் உள்ளே சுற்றினார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கினார். கனத்தது. தளர்த்தினார். வெட்டு துளைக்கு நேராக வரவில்லை. இறுக்கினால் அரைக்கால் சுற்றில் வந்துவிடும். அவர் தளர்த்தும் பக்கமாகவே மெதுவாகக் கொண்டுபோய் அடுத்த வெட்டைத் துளையில் நிறுத்தினார். பின்னைச் செருகினார். ஒரு காலை முன்னால் மடக்கினார், இன்னொரு காலைப் பின்னால் மடக்கினார். விரலால் அமுக்கிப் பார்த்தார். குறடால் மறுபடி ஒரு முறை அழுத்தினார்.

"கிரீஸெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார் அடைக்கலம்.

"இருக்குண்ணே."

மூடியைத் தட்டி உட்காரவைத்தார். தகட்டை மாட்டினார். ஜாக்கியை இறக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் அசைத்தார். சத்தம் இல்லை. இனிமேல் இந்த மூடிக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கிரீஸ் கொஞ்சம் குறைவாக இருந்தது என்றோ, மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றோ சொன்னால், இவ்வளவு தூரம் வந்து பார்த்தானே என்று மெச்சக்கூடச் செய்வார்கள். அவர் கையை கந்தல் துணியில் துடைத்தார். எவ்வளவு துடைத்தும் முடியவில்லை.

"அண்ணே," என்றார். "காலையில இதுல பின்னு போடல. மறந்துட்டேன்."

"பின்னுன்னா?"

"நட்டு கழண்டு விழாம இருக்குறதுக்குப் போடுறது."

அடைக்கலம் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். சக்கரத்தைப் பார்த்தார். அதற்கு மேலிருந்த கதவைப் பார்த்தார். கண்ணாடியில் இலக்கியா உள்ளேயிருந்து ஒட்டிய கைரேகை தெரிந்தது.  கடல் பக்கமிருந்து ஒரு இன்ஜின் சத்தம் வந்து, தேய்ந்து, நின்றது.

"கழண்டிருந்துச்சா?"

"நுனிக்கு வந்திருச்சு."

அடைக்கலம் சந்து ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவர் திரும்பி வர நேரமானது.

"அந்தப் பக்கம்?"

"போட்டிருக்கேன்."

"தொற."

ஆத்மநாதன் வலது பக்கம் ஜாக்கியை வைத்து, திறந்து காட்டினார். கிரீஸுக்கு நடுவே பின்னின் மடங்கிய கால்கள் தெரிந்தன. அடைக்கலம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அதில் என்ன புரிந்தது என்று தெரியவில்லை. "மூடு," என்றார்.

காத்தாயி எப்போது வாசலுக்கு வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"நாகுடி தாண்டுனதுலேர்ந்து காலுக்கடியில டக்கு டக்குங்குதுன்னு சொன்னேன்ல," என்றாள் கணவனிடம். "ரோடு அப்புடின்னீங்க."

"ரோடும் அப்புடித்தான் இருந்துச்சு."

"ஆமா. பத்து வாட்டி சொன்னேன், பத்து வாட்டியும் ரோடு."

 அவள் ஆத்மநாதனிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"பாதி வேலையில எந்திரிச்சு எங்கிட்டுத் தம்பி போனீங்க?"

"எங்கயும் போகல மதினி. பொணம் போச்சு. வெளிய வந்து நின்னேன்."

அவள் அதை யோசித்தாள். "பொணம் போனா எந்திரிச்சுத்தான் ஆகணும்," என்றாள். அதில் மன்னிப்பும் இல்லை, குத்தலும் இல்லை. பிறகு, "நானும் புள்ளையும் பஸ்ஸுல வர்றோம்," என்றாள்.

"அதான் இப்ப சரி பண்ணியாச்சுல்ல," என்றார் அடைக்கலம்.

"இருக்கட்டும். நீங்க ஓட்டிப் பாத்துக்கிட்டு வாங்க. எங்கள அறந்தாங்கி பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க, போதும்."

தூக்கக் கலக்கத்தில் இருந்த இலக்கியாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். செபமாலை மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அடைக்கலத்தோடு பின்னால் போனார். பஸ் கிளம்பியபின் அடைக்கலம் திரும்பி வந்து வண்டிக் கதவைத் திறந்தார்.

"ஒன் வண்டி இங்கயே நிக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்க. ஏறு."

ஆத்மநாதன் பின்கதவில் கைவைத்தார்.

"முன்னாடி."

இடது இருக்கையில் உட்கார்ந்தார். சீட்டில் காத்தாயியின் தலையிலிருந்து உதிர்ந்த கனகாம்பரம் இரண்டு கிடந்தது. அதை எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

வண்டி முப்பதைத் தாண்டவில்லை.  ஒவ்வொரு பள்ளம் வரும்போதும் அடைக்கலம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். பள்ளம் தாண்டியதும் ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆத்மநாதன் உள்ளங்காலால் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் எத்தனை வண்டி சரிசெய்து அனுப்பியிருப்பார். அனுப்பிய வண்டியில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் போனது கிடையாது. ஜன்னலுக்கு வெளியே உப்பு வெளுத்த நிலமும் கருவேல மரங்களும் மெதுவாகப் பின்னால் போயின. இந்த இடத்தில்தான் அந்தப் பிள்ளை உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போயிருக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் கை காட்டியிருக்கும்.

நாகுடியில் ஒரு டீக்கடை ஓரம் அடைக்கலம் வண்டியை நிறுத்தினார். டீ சொல்லவில்லை. இறங்கி முன்னால் சுற்றி வந்து, இடது சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, நடுவில் உள்ளங்கையை வைத்தார். ஆத்மநாதனும் இறங்கினார். கிட்டே போகவில்லை.

"எப்புடி இருக்கணும்?" என்று தலையைத் திருப்பாமல் கேட்டார் அடைக்கலம்.

"கை வச்சா தாங்கணும்ணே. சுடக் கூடாது."

அடைக்கலம் கையை எடுக்காமல் இருந்தார். சினை மாட்டின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பவரின் முகத்தைப் போலிருந்தது அவர் முகம். பிறகு வலது பக்கம் போய் அதையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி இடது பக்கம் வந்து மறுபடி தொட்டார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு," என்றார்.

அறந்தாங்கி எல்லையில் முன்னால் அந்த பஸ் தெரிந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. தாண்டிப் போக இடம் இருந்தும் அடைக்கலம் தாண்டவில்லை. அது நின்றபோது நின்றார், நகர்ந்தபோது நகர்ந்தார். பஸ் ஸ்டாண்டு வரை அப்படியே போய், வெளியே பூக்கடைகளுக்கு எதிரே ஓரங்கட்டினார்.

காத்தாயி பிள்ளையோடும் கூடையோடும் வெளியே வந்தாள். கீரமங்கலம் பஸ் நிற்கும் பக்கமாகப் போனவள், காரைப் பார்த்துவிட்டு நின்றாள். அடைக்கலம் ஹாரன் அடிக்கவில்லை. கூப்பிடவுமில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கீரமங்கலம் பஸ்ஸை ஒரு தடவை பார்த்தாள். அதில் இடம் இருந்தது.

பிறகு சாலையைக் கடந்து வந்தாள்.

ஆத்மநாதன் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் கேட்டுச்சா?" என்று அவள் கணவனைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டாள்.

"இல்ல மதினி."

"எதுவுமே?"

"டாஷ்போர்டு தகரம் அடிக்குது. அது முன்னயே அடிக்கிறதுதான்."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். கூடையைக் காலடியில் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இலக்கியா அவள் மடியில் ஏறப் போனது. காத்தாயி அதன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ பின்னாடி வா. இந்தத் தாத்தாவோட."

"நான் முன்னாடிதான்."

"பின்னாடின்னு சொன்னேன்ல."

ஆத்மநாதன் பின்கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, பக்கத்தில் ஏறிக்கொண்டார். அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக நகர்ந்தது. அடைக்கலம் கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஊரைத் தாண்டி முதல் பள்ளம் வந்தது. முன்னால் இருந்த இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் லேசாகச் சாய்ந்தன.

ஆத்மநாதன் ஒரு கையைப் பிள்ளைக்குக் குறுக்கே கொடுத்து முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். கீரமங்கலம் வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.